ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்கு உயர்நிலைப் பள்ளி தேடும்போது எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் கேள்வியின் சுருக்கம்: மகனுக்குப் பத்து வயது, துறுதுறுப்பானவன், ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு) உறுதியாகிவிட்டது, காலையில் ஒரு மாத்திரை. தொடக்கப் பள்ளியை ஓரளவு சமாளித்துவிட்டான். அடுத்த ஆண்டுக்கு மூன்று பள்ளிகள் கைவசம் இருக்கின்றன: தேர்ச்சி விகிதத்துக்குப் பெயர்போனது ஒன்று, கண்டிப்புக்குப் பெயர்போனது ஒன்று, 'பிள்ளைகளைச் சுதந்திரமாக விடுவோம்' என்று சொல்லும் சின்னப் பள்ளி ஒன்று. எதில் சேர்ப்பது?

மூன்றையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, தொடக்கப் பள்ளியில் அவன் எப்படிச் சமாளித்தான் என்று யோசியுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு விடை ஒன்றுதான்: நாள் முழுக்கக் கூடவே இருந்த ஒரே வகுப்பாசிரியர். 'நோட்டை எடுத்தியா, தேதி போட்டியா, பையில வச்சியா' என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்திருப்பார். திட்டமிடுவது, வேலையைத் தொடங்குவது, சொன்னதை மனதில் நிறுத்துவது, நேரத்தைக் கணிப்பது என அவன் மூளை தடுமாறும் வேலைகளை அவர் இரவல் கொடுத்துக்கொண்டிருந்தார். உயர்நிலையில் ஏழெட்டு ஆசிரியர்கள் வருவார்கள். ஒவ்வொருவரும் அவனைப் பார்ப்பது ஒரு பீரியடு மட்டும். முழு நாளையும் பார்க்கிற ஆள் கிடையாது. பாடம் கடினமாகிவிட்டதால் விழுகிறவர்களைவிட, இந்த இடைவெளியில் விழுகிறவர்கள்தான் அதிகம் என்பது என் கருத்து.

அதனால் எந்தப் பள்ளியிலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: அந்த வகுப்பாசிரியர் செய்த வேலையை இங்கே யார் செய்யப் போகிறார்?

'பத்து வயசாச்சே, இனிமே தானா கத்துக்க மாட்டானா' என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், மூளையின் புறணி, அதாவது அதன் வெளி அடுக்கு, உச்சத் தடிமனை எட்டும் இடைநிலை வயது மற்றப் பிள்ளைகளுக்கு 7.5 ஆகவும், ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு 10.5 ஆகவும் இருந்தது. வளரும் வரிசை ஒன்றுதான், வேகம்தான் பின்தங்குகிறது. தாமதம் அதிகம் தெரிந்தது முன்நெற்றிப் பகுதியில். உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி சொல்லும் தோராயக் கணக்கு இன்னும் எளிது: சுயக்கட்டுப்பாட்டில் வயதிலிருந்து ஏறக்குறைய 30 சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள். 12 வயதுப் பையன் பை அடுக்குவதில் எட்டு வயதுக்காரன். அறிவில் அப்படி இல்லை, அதை யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இனி பள்ளியில் கேட்க வேண்டியது. 'ஏ.டி.எச்.டி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வீர்களா?' என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள், அதில் பயனில்லை. இப்படிக் கேளுங்கள்: 'ஒரு பையன் மூன்று பாடங்களில் வீட்டுப்பாடம் கொடுக்கவில்லை. இது முதலில் யாருக்குத் தெரியவரும்? எத்தனை நாளில்? அவர் என்ன செய்வார்?' நல்ல பதிலில் ஓர் ஆளும் ஒரு கிழமையும் இருக்கும்: 'பொறுப்பாசிரியர் வெள்ளிக்கிழமை பட்டியலைப் பார்ப்பார், திங்கள் காலை பையனிடம் பேசுவார், அன்றே உங்களுக்குத் தகவல் வரும்.' 'பெற்றோர் கூட்டத்தில் சொல்லுவோம்' என்று பதில் வந்தால், உங்களுக்குத் தெரிவதற்குள் பாதிப் பருவம் போயிருக்கும்.

வீட்டுப்பாடம் எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதில் நான் நிறைய நேரம் செலவழிப்பேன். பல வகுப்புகளில் நடப்பது இது. மணி அடிக்க அரை நிமிடம் இருக்கிறது. நாற்காலிகள் நகரும் சத்தத்துக்கு நடுவே ஆசிரியர் 'நாற்பத்தேழாம் பக்கம், ஆறிலிருந்து பத்து, நாளைக்கு' என்கிறார். பையன் அதைக் காதில் வாங்க வேண்டும், மனதில் பிடித்துக்கொண்டே டைரியைத் தேட வேண்டும், பேனாவைத் தேட வேண்டும், எழுத வேண்டும். டைரி கிடைப்பதற்குள் நாற்பத்தேழு பறந்துவிடும். ஏட்டில் மிஞ்சுவது 'கணக்கு 6-10'. மாலையில் வீட்டில் உட்கார்ந்தால் எந்தப் பக்கம் என்று தெரியாது. மறுநாள் 'செய்யலை', அடுத்த வாரம் 'பொய் சொல்கிறான்'. சோம்பல் என்று பெயர் வாங்குவதில் பாதி இந்த அரை நிமிடத்தில் தொடங்குகிறது. பீரியடின் ஆரம்பத்திலோ நடுவிலோ பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, அவன் எழுதிக்கொண்டானா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். செலவே இல்லாத உதவி.

'எங்களிடம் செயலி இருக்கிறது' என்பார்கள். பெயர் இல்லாமல், ஏதாவது ஒரு வகுப்புக்குக் கடந்த இரண்டு வாரத்தில் ஏற்றப்பட்டதைக் காட்டச் சொல்லுங்கள். அறிவியல் ஆசிரியர் ஏற்றுகிறார், கணக்கு ஆசிரியர் வாட்ஸ்அப்பில் போடுகிறார், மொழி ஆசிரியர் வாயால் சொல்கிறார் என்றால், உங்கள் மகனைப் பொறுத்தவரை செயலி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியைப் பார்க்கப் போவது சாதாரண வேலை நாளாக இருக்கட்டும். பெற்றோருக்காகக் கோலம் போட்டு வரவேற்கும் நாளில் எல்லாப் பள்ளியும் நல்ல பள்ளிதான். மதிய இடைவேளை முடிந்து மணி அடிக்கும் நேரத்தில் பத்து நிமிடம் தாழ்வாரத்தில் நிற்க அனுமதி கேளுங்கள். பிள்ளைகள் உள்ளே நுழையும்போதே பலகையில் ஏதாவது வேலை காத்திருக்கிறதா? வகுப்பு உண்மையில் தொடங்க இரண்டு நிமிடம் ஆகிறதா, ஏழு நிமிடமா? ஒரு பையன் நெளிந்தால் ஆசிரியர் பக்கத்தில் போய் மேசையைத் தொட்டுவிட்டு நகர்கிறாரா, பலகையருகே நின்றபடி பெயரைச் சொல்லிக் கத்துகிறாரா? கையேட்டில் உள்ள முப்பது பக்கத்தைவிட இந்தக் கடைசி விஷயம் அதிகம் சொல்லும்.

ஒழுங்கு விதிகளை எழுத்தில் வாங்கிப் படியுங்கள். அடுத்தவரைக் காயப்படுத்தியதற்கான தண்டனையும் மறதிக்கான தண்டனையும் ஒரே ஏணியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பேனா இல்லை, தாமதம், இடையில் பேசினான் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, 20 புள்ளிக்கு இடைநீக்கம் என்றால் கணக்கு எளிது: நாளுக்கு ஒரு மறதி, 20 வேலை நாள். யாரையும் ஒரு வார்த்தை சொல்லாமலே பையன் வெளியே நிற்பான். விளையாட்டுப் பீரியடையும் இடைவேளையையும் பிடுங்குவதைத் தண்டனையாக வைத்திருக்கும் பள்ளியை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன். ஓடி ஆடினால்தான் அடுத்த பீரியடு அவனால் உட்கார முடியும்.

அதற்காகக் கண்டிப்பான பள்ளியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. எதைச் செய்தால் என்ன நடக்கும் என்பது ஒரே மாதிரி இருந்து, விளைவு சின்னதாகவும் உடனடியாகவும் இருந்தால் இந்தப் பிள்ளைகளுக்கு அது நிம்மதி. திங்கட்கிழமைத் தவறுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை தண்டனை என்றால், அதற்குள் தவறே அவனுக்கு மறந்திருக்கும். சுதந்திரப் பள்ளியில் ஆபத்து வேறு மாதிரி வரும். 'ஆறு வாரத்தில் ஒரு செயல்திட்டம், கடைசி நாளில் கொடுத்தால் போதும்' என்பது அவனுக்கு ஐந்து வாரம் ஆறு நாள் வெறுமையும் ஒரு ராத்திரி அழுகையும். அங்கே கேட்க வேண்டியது: 'இதை வாரா வாரம் துண்டு போட்டுப் பார்ப்பது யார்?' தேர்ச்சி விகிதப் பள்ளியில் கேட்க வேண்டியது: 'முதல் ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கடைசித் தேர்வு வரை இங்கேயே இருந்தார்கள்?' நடுவில் கழித்துவிட்டு எடுக்கும் நூறு சதவீதம் உங்கள் வீட்டுக்கு உதவாது.

உங்கள் மகன் துறுதுறு என்பதால் யார் கண்ணிலாவது படுவான். கவனச்சிதறல் மட்டும் உள்ள அமைதியான பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், ஜன்னலோரம் உட்கார்ந்து சத்தமில்லாமல் பின்தங்குவார்கள். இதைப் படிக்கும் அந்தப் பெற்றோர் கேட்க வேண்டியது, தொல்லையே தராத பிள்ளை பின்தங்குவதை இங்கே எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை.

மாத்திரைக் கணக்கும் பள்ளித் தேர்வில் சேரும். ஏ.டி.எச்.டி.க்குப் பரவலாகக் கொடுக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட் மருந்து என்றால், சாதாரண வகை சுமார் 3 முதல் 4 மணி நேரம், மெதுவாகக் கரையும் வகை தயாரிப்பைப் பொறுத்து 8 முதல் 12 மணி நேரம். காலை 6 மணிக்குப் போட்டு, நீண்ட பயணம் முடிந்து மாலை 5 மணிக்கு வீடு திரும்பினால், வீட்டுப்பாடம் மருந்து வடிந்த நேரத்தில்தான் நடக்கும். நேரம் மாற்றுவதா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். மதிய மாத்திரை இருந்தால் அதை யார் வைத்திருந்து கொடுப்பார் என்று கேளுங்கள். 'அவனே வந்து வாங்கிக்கொள்வான்' என்பது பதிலே அல்ல. மறக்கிறான் என்றுதானே மருந்தே.

தேர்வுச் சலுகைகள், அதாவது கூடுதல் நேரம், தனி அறை, இடையில் ஓய்வு போன்றவற்றுக்கு வாரியத்துக்கு வாரியம் விதி மாறும். பொதுவாக மருத்துவ மதிப்பீடும், அந்த உதவி பள்ளியில் வழக்கமாகவே தரப்பட்டு வந்ததற்கான ஆதாரமும் எதிர்பார்ப்பார்கள். கடைசி ஆண்டில் ஓடினால் அந்த ஆதாரம் கிடைக்காது. எனவே முதல் ஆண்டுத் தேர்விலிருந்தே பதிவு இருக்கட்டும். வாசிப்பு, எழுத்து, கணக்கில் தனியான கற்றல் குறைபாடு ஏ.டி.எச்.டி.யோடு அடிக்கடி சேர்ந்தே வரும். அதைச் சோதிக்கவில்லை என்றால் சேர்க்கைக்கு முன் சோதித்துவிடுங்கள்.

பள்ளியிடம் சொல்வதா மறைப்பதா? சேர்க்கைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அப்போது முகம் மாறும் பள்ளி, சேர்ந்த பிறகு தெரிந்தால் இன்னும் மோசமாக மாறும். ஆனால் பன்னிரண்டு பக்க அறிக்கையைப் பாட ஆசிரியர்கள் படிக்க மாட்டார்கள். ஒரே தாளில் அவனுக்கு உதவுவது மூன்று, அவனைக் கெடுப்பது மூன்று, உங்கள் எண். அவ்வளவுதான்.

சேர்ந்த பிறகு முதல் சில வாரங்கள் நன்றாகவே போகும், புதுமை தரும் உற்சாகம் அது. அது தீரும்போது சரிவு தொடங்கும். ஆகவே நான்காவது வாரத்தில் ஒரு சந்திப்பை, சேர்க்கை போடும் நாளிலேயே தேதி குறித்து வாங்கிவிடுங்கள். கூடவே தினசரி அட்டைக்குச் சம்மதமா என்று கேளுங்கள். மூன்று இலக்குகள், ஒவ்வொரு ஆசிரியரும் ஒரு டிக், அன்று மாலையே வீட்டில் ஒரு சின்ன வெகுமதி. முதல் வாரம் இலக்கை அவன் ஏற்கெனவே எட்டுகிற அளவுக்கே வையுங்கள். முதல் நாளே தோற்றால் இரண்டாம் நாள் அட்டை தொலைந்துவிடும், அதுவும் உண்மையாகவே. பாடப் புத்தகங்களில் இன்னொரு செட் வீட்டில் கிடந்தால் பாதிச் சண்டை மிச்சம்.

கடைசியில் இரண்டு பள்ளிகள் சமமாக நின்றால் பக்கத்தில் இருப்பதை எடுங்கள். பதின்வயதில் எல்லாருக்குமே தூக்கம் பின்னால் தள்ளிப்போகும், இவர்களில் பலருக்கு இன்னும் அதிகமாக. காலையில் கிடைக்கும் முக்கால் மணி நேரத் தூக்கத்தை எந்தச் சிறப்பு வகுப்பும் ஈடுகட்டாது.