தர்மபுரியில் மாதம் 6000-க்குள் மளிகை: இருபதாம் தேதிக்கே காலியாகுது என்றவருக்கு

நாலு பேர் குடும்பம், காய்கறியும் சேர்த்து 6000, இருபதாம் தேதிக்குள் தீர்ந்துடுதுன்னு எழுதியிருக்கீங்க சகோதரி. உங்க கணக்கைப் பார்த்தா மாச ஆரம்பத்து மளிகையில் பெரிய தப்பு தெரியல. பத்து ரூபாய் பாக்கெட்டும் அவசரத் தக்காளியும் வாங்க, சாயங்காலம் தெருமுனைக் கடைக்குப் போறீங்களே, ஓட்டை அங்கதான்.

ரேஷனை முழுசா வாங்குங்க. அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. வெளியில் பருப்பு மட்டுமே நூறைத் தாண்டும். பாமாயில் பிடிக்காதுன்னு விடாதீங்க, பஜ்ஜி, அப்பளத்துக்கு வெச்சுக்கலாம். நம்ம மாவட்டத்தில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலா கேழ்வரகு வாங்கிக்கலாம்னு 2023-ல் கொண்டுவந்தாங்க. கடையில் கேளுங்க.

அந்தக் கேழ்வரகைக் கழுவிக் காயவெச்சு மில்லில் அரைச்சுக்கோங்க. களிக்கு, நொய்யைக் குழைய வேகவெச்சு, மேலே மாவைக் கொட்டி, மூடி, அடுப்பைக் குறைச்சு வேகவிட்டு, அப்புறம் துடுப்பால் கட்டியில்லாம கிண்டணும். கொள்ளுக் கடைசலோ கீரையோ போதும். மிச்சக் களி மறுநாள் மோரில் கரைச்சா காலை டிபன் செலவு போச்சு. பசங்க முகம் சுளிச்சா அதே மாவில் வெங்காயம் போட்டு அடை தட்டுங்க.

காய்கறிக்கு 2000 தனியா எடுத்து, வாரத்துக்கு 500-னு நாலு கவர். உழவர் சந்தைக்குக் காலையிலேயே போங்க, விலைப்பலகையைப் பார்த்துட்டுப் பையை நீட்டுங்க. தக்காளி ஏறின வாரம் புளி போதும்.

பால் இந்த 6000-க்குள்ளயா, வெளியயா? அதை எழுதலையே. உள்ளன்னா முதல்ல அதைப் பிரிச்சு எழுதுங்க, மறுபடி பார்க்கலாம்.