மேடைக்கு ஐந்து வாரம்: உப்பையும் தண்ணீரையும் நிறுத்தலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் வேலை பார்க்கிறேன். வயது 26, எடை 77 கிலோ. இன்னும் ஐந்து வாரத்தில் மாவட்ட ஆணழகன் போட்டியில் 75 கிலோ பிரிவில் இறங்குகிறேன். தினமும் இருபது முட்டை வெள்ளைக்கரு, அரைக்கிலோ கோழி நெஞ்சுக்கறி, கொஞ்சம் சோறு சாப்பிடுகிறேன். 'கட்ஸ்' (தசை வெட்டுகள்) தெரிய வேண்டுமானால் தூக்கும் எடையைக் குறைத்து, முப்பது ரெப் வரை, அதாவது ஒரே அசைவை முப்பது தடவை வரை, அடிக்க வேண்டும், கடைசி வாரம் உப்பையும் கடைசி இரண்டு நாள் தண்ணீரையும் நிறுத்த வேண்டும் என்கிறார் மாஸ்டர். நீர் இறக்கும் மாத்திரை போட்டுக்கொள் என்று சொல்பவர்களும் ஜிம்மில் இருக்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: மேடையில் தெரியும் வெட்டுகள் கடைசி வாரத்தில் உருவாவதில்லை. தோலுக்கும் தசைக்கும் இடையில் உள்ள கொழுப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. அந்த வேலைக்கு உங்களிடம் இருப்பது இனி வரும் நான்கு வாரங்கள்தான். ஐந்தாவது வாரத்தில் கிடைத்ததைக் கெடுக்காமல் காப்பாற்றலாம், அவ்வளவே.

முதலில் எடைக் கணக்கு. 77-இலிருந்து 75-க்கு இரண்டு கிலோதானே என்று நினைக்க வேண்டாம். போட்டிக்கு முந்திய இரண்டு நாட்களில் சோற்றைக் கூட்டும்போது, மாவுச்சத்து தசையில் சேமிக்கப்படும் வடிவமான கிளைக்கோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும் என்பதால், எடை ஒரு கிலோவுக்கு மேலும் ஏறக்கூடும். ஆகவே கடைசி வாரம் தொடங்கும்போது தராசு 74-ஐக் காட்ட வேண்டும். நான்கு வாரத்தில் மூன்று கிலோ என்றால் வாரத்துக்கு முக்கால் கிலோ. உடல் எடையில் ஒரு சதவீதத்தை ஒட்டிய இந்த வேகத்தைத் தாண்டினால் கொழுப்போடு தசையும் போகத் தொடங்கும். இரண்டு வாரம் கழித்தும் 76-க்குக் கீழே வரவில்லையென்றால் 80 கிலோ பிரிவில் பெயர் கொடுத்துவிடுங்கள். வற்றிப்போன 75-ஐவிடத் தசை நிறைந்த 76 மேடையில் நன்றாக இருக்கும் என்பது என் கருத்து. மாஸ்டர்கள் பலர் இதை ஒப்புக்கொள்வதில்லை.

உங்கள் உணவில் புரதம் குறைவில்லை. வெள்ளைக்கருவிலிருந்து சுமார் 70 கிராமும், அரைக்கிலோ பச்சைக் கறியிலிருந்து 115 கிராமும் கிடைக்கின்றன. கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிலோவுக்கு 2.3 முதல் 3.1 கிராம் வரை என்பது இந்தக் காலகட்டத்துக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவு. நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள், மேலும் ஒரு டப்பா பவுடர் வாங்கத் தேவையில்லை. குறை கொழுப்பில்தான். மஞ்சள் கருவை முழுவதும் ஒதுக்கிவிட்டு, எண்ணெயும் இல்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் ஹார்மோன் சுரப்பு தளரும், எரிச்சலும் சோர்வும் வரும். இருபது வெள்ளைக்கருவுக்குப் பதிலாக நான்கு முழு முட்டையும் பன்னிரண்டு வெள்ளைக்கருவும் எடுத்துக்கொள்ளுங்கள். புரதம் ஏறக்குறைய அதேதான், கூடவே 20 கிராம் கொழுப்பும் கிடைக்கும். அதோடு ஒரு கைப்பிடி நிலக்கடலை, தாளிக்க இரண்டு டீஸ்பூன் எண்ணெய். அரிசி, ராகி, பழம் எல்லாம் சேர்த்து 200 கிராம் மாவுச்சத்தில் தொடங்கி, வாராவாரம் எடையைப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். அரிசியைச் சமைப்பதற்கு முன் நிறுத்துக்கொள்ளுங்கள். சோறாக நிறுத்தால் கணக்கு தவறும். வீட்டு அரிசியும் பருப்பும் சாதத்தைக் கைவிட வேண்டியதில்லை. மேலே ஊற்றும் நெய்யை மட்டும் கணக்கில் சேருங்கள். நோம்பி விருந்துகளுக்கு இந்த ஐந்து வாரமும் டப்பாவோடு போவதே வழி, சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்தான்.

இரவு ஷிப்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அதுதான் கவலை. சிகாகோவில் நடந்து 2010-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஒரே அளவு குறைந்த உணவு உண்டவர்களே எட்டரை மணி நேரம் படுக்கையில் இருக்க வாய்ப்பிருந்தபோது கொழுப்பை அதிகமாகவும், ஐந்தரை மணி நேரமாகச் சுருங்கியபோது தசை உள்ளிட்ட பகுதியை அதிகமாகவும் இழந்தார்கள். முடிந்தால் இந்த ஐந்து வாரத்துக்குப் பகல் ஷிப்டுக்கு மாற்றிக் கேளுங்கள். முடியாதென்றால், ஜன்னலை இருட்டாக்கி, பகலில் ஏழு மணி நேரத் தூக்கத்தையாவது உறுதி செய்துகொண்டு, ஓவர்டைமை விட்டுவிடுங்கள்.

பயிற்சியில் மாஸ்டர் சொல்வதற்கு நேர்மாறானதே சரி. பளு தூக்கும் தேவை இருக்கிறது என்று உடலுக்குத் தெரிந்தால்தான், உணவு குறைந்த காலத்திலும் அது தசையை விட்டுவிடாமல் வைத்திருக்கும். முப்பது ரெப் அடிப்பதால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரைவதில்லை. எந்த எடையில் தசையை வளர்த்தீர்களோ அதற்கு அருகிலேயே, ஆறு முதல் பன்னிரண்டு ரெப்பில் இருங்கள். களைப்பு மிஞ்சினால் செட்டுகளில் (இடைவிடாமல் அடிக்கும் ரெப்களின் சுற்றுகளில்) மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள், தூக்கும் எடையைக் குறைக்காதீர்கள். கார்டியோவுக்கு வெயிலுக்கு முன் முப்பது நாற்பது நிமிட வேக நடை போதும். கால் பயிற்சியைப் போட்டிக்கு ஐந்தாறு நாள் முன்பே முடித்துவிடுங்கள், ஏனெனில் வலியும் வீக்கமும் தொடையின் வரிகளை மறைத்துவிடும்.

இனி உப்பும் தண்ணீரும். தோலுக்கடியில் உள்ள நீரை மட்டும் வடித்துவிட்டுத் தசையை அப்படியே வைத்திருக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் இந்தப் பழக்கம் நிற்கிறது. உடலில் அப்படி ஒரு தனிக் குழாய் கிடையாது. தசையில் முக்கால் பங்கு நீர்தான்; தண்ணீரை நிறுத்தினால் அதுவும் சேர்ந்தே வற்றும், மேடையில் தட்டையாகத் தெரிவீர்கள். உப்பை நிறுத்தியதும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடி, இருக்கும் சோடியத்தைச் சிறுநீரகம் பிடித்து வைத்துக்கொள்ளும். இரத்தத்தின் அளவு குறைவதால், மேடைக்குப் பின்னால் தசையில் இரத்தம் ஏற எவ்வளவு பம்ப் செய்தாலும் நரம்பு எழாது. குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படவும் சோடியம் வேண்டும் என்பதால், சோற்றைக் கூட்டும் நாட்களில் உப்பைக் குறைப்பது தன்னைத்தானே தோற்கடிக்கும் வேலை. வழக்கமான உப்பு, வழக்கமான தண்ணீர்; போட்டி நாள் காலையில் மட்டும் தாகத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

முந்திய இரண்டு நாட்களில் மாவுச்சத்தை நாளுக்கு 350 கிராம் அளவுக்கு உயர்த்துங்கள். அரைக்கிலோவுக்குச் சற்றுக் குறைவான அரிசியே அதைத் தந்துவிடும். கொள்ளு, கீரை, பச்சைக் காய்கறிகளைக் குறைத்தால் வயிறு உப்பாது. இதை மூன்றாவது வாரத்திலேயே ஒருமுறை ஒத்திகை பார்த்து, மறுநாள் காலை ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

நீர் இறக்கும் மாத்திரைப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். ஃப்யூரோசமைட் போன்றவை நீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். ஸ்பைரனோலாக்டோன் போன்றவை பொட்டாசியத்தைத் தேக்கும், அதோடு பொட்டாசியம் மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு. இரண்டு திசையிலும் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 1992-இல் முகமது பெனஸீஸா என்ற தொழில்முறை வீரர் நெதர்லாந்தில் போட்டியை முடித்த கையோடு இறந்தார். நீரிழப்பும் இம்மருந்துகளுமே காரணமாகப் பேசப்பட்டன. யாராவது ஏற்கெனவே போட்டுவிட்டு, தசைப்பிடிப்பு, படபடப்பு, தலைசுற்றல் என்று சொன்னால், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், போட்டதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, எடை பார்ப்பது முந்திய நாளா அன்று காலையா என்பதை அமைப்பாளர்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள். சோற்றைக் கூட்டும் நாளை அதை வைத்துத்தான் நகர்த்த முடியும். முந்திய நாள் என்றால், எடை பார்த்த பிறகு பெரும்பங்கைச் சாப்பிடலாம். அன்று காலை என்றால், முந்திய நாட்களில் மாவுச்சத்தை நாளுக்கு 250 கிராமோடு நிறுத்திக்கொண்டு, எடை முடிந்ததும் உப்புப் போட்ட சோறும் வாழைப்பழமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு கட்டாய போஸ்களையும் தினமும் இருபது நிமிடம், பாதி நேரம் கண்ணாடி இல்லாமல், ஒவ்வொன்றையும் பதினைந்து விநாடி அசையாமல் நின்று பழகுங்கள். நடுவர் ஒப்பிடும் நேரத்தில் மூச்சு வாங்கி வயிறு தள்ளினால், ஐந்து வாரப் பட்டினியும் அவர் கண்ணில் படாது.