பாடப்புத்தகம் இல்லாமல், பிள்ளைகளின் ஆர்வத்தின் வழியே மின்சாரத்தை எப்படிச் சொல்லித்தருவது?

வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது, ஆபத்தில்லாமல் எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் எட்டு வயதில் மகனும் பதினொரு வயதில் மகளும் இருக்கிறார்கள், பள்ளிக்கு அனுப்பவில்லை. எங்களுக்குக் கைகொடுத்ததைச் சொல்கிறேன்.

முதலில் புத்தக வரிசையை மறந்துவிடுங்கள். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கைத் தூக்குவதில்தான் பலரும் ஆரம்பிப்பார்கள். சென்னையில் இருந்துகொண்டு அது வேண்டாத வேலை. காற்றில் இருக்கும் ஈரத்துக்குச் சீப்பில் சேர்ந்த மின்னூட்டம் நிற்காமல் கசிந்துவிடும். தலையில் எண்ணெய் வேறு. காகிதம் அசையாது, பிள்ளை எழுந்து போய்விடும். அவர்கள் தாங்களாகவே கேட்கிற கேள்விகள் வேறு: "கரன்ட் போச்சுன்னா எங்கே போச்சு?", "கம்பியில உட்கார்ந்த காக்கா ஏன் சாகலை?", "ஈபிக்காரர் எதைப் பார்த்து எழுதிட்டுப் போறார்?"

எங்களுக்கு அதிக நாள் ஓடியது இந்தக் கடைசிக் கேள்விதான். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருப்பார்கள். எங்கள் மீட்டரில் 3200. மீட்டரைத் தொடவே வேண்டாம், பார்த்தால் போதும். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, 1000 வாட் அயர்ன் பாக்ஸை மட்டும் போட்டோம். சூடேறும்போது நிமிடத்துக்கு ஐம்பதுக்கு மேல் சிமிட்டியது. சூடு போதுமென்று தெர்மோஸ்டாட் துண்டித்ததும் சட்டென்று நின்றது. "பெட்டி தானா அணைஞ்சு தானா எரியுதா!" என்று மகள் கேட்டாள். அயர்ன் பாக்ஸுக்குள் தெர்மோஸ்டாட் என்று ஒன்று இருப்பதை அவள் கண்டுபிடித்தது மீட்டரைப் பார்த்துத்தான்.

பழைய 75 வாட் ஃபேனுக்குச் சுமார் 15 நொடிக்கு ஒரு சிமிட்டல். 9 வாட் எல்இடி பல்புக்கு இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பே நல்ல பாடம். வாட் என்றால் வேகம், யூனிட் என்றால் மொத்தம் என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்ற ஒரே வரியைத்தான் சொன்னேன். மீதிக் கணக்கை, வகுத்தல் உட்பட, அவளே போட்டாள். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு எப்போதாவது சிமிட்டினால் இன்னும் நல்லது. யார் திருடன் என்று வீடு முழுக்கத் தேடுவார்கள். எங்கள் வீட்டில் அது டிவியின் செட்டாப் பாக்ஸ்.

அடுத்து சர்க்யூட். ஒரு 1.5 வோல்ட் செல், இழை உள்ள பழைய மாதிரி டார்ச் பல்ப், ஒரே ஒரு துண்டு வயர். "எரிய வை" என்று கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். நமக்கு அதுதான் கஷ்டம். பிளக்கிலிருந்து ஒற்றை வயர் போவதைப் பார்த்தே பழகியதால், செல்லின் ஒரு முனையைத் தொட்டால் போதும் என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் நினைப்பார்கள். போய்த் திரும்பி வரும் வழி வேண்டும் என்பதும், பல்பின் அடிமுனை, பக்கவாட்டு உலோகம் இரண்டும் தனித்தனி முனைகள் என்பதும் கைபட்டால்தான் புரியும். எல்இடியை அப்புறம் கொடுங்கள், அது ஒரு திசையில்தான் எரியும், ஆரம்பத்திலேயே குழப்பிவிடும்.

குழாயில் தண்ணீர் போவது போல என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால், வயரை வெட்டினால் கரன்ட் கீழே கொட்டுமா என்று மகன் கேட்பான், நியாயமான கேள்விதான். சைக்கிள் செயின் பரவாயில்லை. மிதித்த உடனே முழுச் செயினும் நகர்கிறது, பின்சக்கரம் சுற்றுகிறது, செயின் தீர்ந்துபோவதில்லை. வயருக்குள் எலக்ட்ரான்கள் எறும்பைவிட மெதுவாக நகர்ந்தாலும் ஸ்விட்ச் போட்டதும் விளக்கு எரிவது ஏன் என்பதற்கும் இதுவே பதில்.

எலுமிச்சை பேட்டரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வீடியோக்களில் ஒரு பழத்தில் பல்ப் எரிவதாகக் காட்டுவதை நம்பாதீர்கள். துத்தநாகம் பூசிய ஆணி, செம்புக் கம்பி செருகிய ஒரு பழம் ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் தரும். சிவப்பு எல்இடிக்கே ஏறக்குறைய 1.8 வோல்ட் வேண்டும். மூன்று நான்கு பழங்களை வரிசையாக இணைத்தால் இருட்டில் மங்கலாக எரியும். டார்ச் பல்ப் எத்தனை பழம் அடுக்கினாலும் எரியாது, அது கேட்கும் கரன்ட்டைப் பழத்தால் தர முடியாது. வோல்ட்டும் (தள்ளும் அழுத்தம்) ஆம்பியரும் (ஓடும் கரன்ட்டின் அளவு) வேறு வேறு என்பதைச் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு டம்ளர் மோரிலும் செய்து பாருங்கள், வேலை செய்யும். ஆணிக்குப் பதிலாக இரண்டுமே செம்பு என்றால் செய்யாது. ஆக, சங்கதி பழத்தில் இல்லை, இரண்டு உலோகங்களில் இருக்கிறது. 1800-இல் வோல்டா என்ற இத்தாலிய விஞ்ஞானி அறிவித்த, உலோகத் தகடுகளை அடுக்கிச் செய்த பேட்டரியும் இதுதான். துத்தநாகம் கரைந்திருக்கும், அந்தப் பழத்தில் ஜூஸ் போட்டுவிடாதீர்கள்.

நாகர்கோவில் போகும் வழியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளைப் பார்த்துவிட்டு, "இது பெரிய ஃபேனா?" என்று மகன் கேட்டான். ஊருக்குத் திரும்பியதும் பொம்மைக் காரிலிருந்து இரண்டு மோட்டார்களைக் கழற்றி, வயரால் ஒன்றோடொன்று இணைத்துக் கொடுத்தேன். ஒன்றின் அச்சில் நூலைச் சுற்றி வேகமாக இழுத்தால் மற்றது துடிக்கும். காந்தத்துக்குப் பக்கத்தில் கம்பிச் சுருள் அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் ஃபாரடே என்ற விஞ்ஞானி கண்டதற்கு இதற்கு மேல் விளக்கம் அவனுக்கு இப்போது தேவையில்லை.

எல்லாக் கேள்வியையும் சோதனையாக்கவும் முடியாது. காக்காய் விஷயத்தை வாயால்தான் சொன்னேன்: இரண்டு காலும் ஒரே கம்பியில், தரைக்கு வழியில்லை. பழந்தின்னி வௌவாலின் விரிந்த இறக்கை இரண்டு கம்பிகளைத் தொட்டுவிடுகிறது, அதனால்தான் அது செத்துத் தொங்குகிறது.

பாதுகாப்புக்கு எங்கள் வீட்டில் ஒரே சட்டம்: செல்லில் ஓடுவது உங்கள் இஷ்டம், சுவரில் இருப்பது என் இஷ்டம். 230 வோல்ட்டில் "செய்து பார்த்துக் கற்றுக்கொள்" கிடையாது. இன்வர்ட்டர் பேட்டரி, பவர் பேங்க், பழைய மொபைல் பேட்டரி ஆகியவையும் சுவர்ப் பக்கம்தான். வாட்ச் செல்லை விழுங்கினால் உணவுக்குழாயே புண்ணாகிவிடும், சின்னவர்கள் இருக்கும் வீட்டில் பூட்டி வையுங்கள். கரன்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஸ்விட்ச் வீட்டில் இல்லையென்றால், சோதனைச் சாமான் வாங்கும் காசில் முதலில் அதைப் போடுங்கள்.

சாமான்களுக்கு விலை உயர்ந்த கிட் எதுவும் வேண்டாம். அதில் எல்லாம் பொருந்துகிற இடத்தில் பொருந்திவிடும், யோசிக்க ஒன்றுமில்லை. எல்இடி, மோட்டார், பல்ப் எல்லாம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். கம்பிச் சுருள் சுற்ற எனாமல் பூசிய செம்புக் கம்பியை மோட்டார் ரீவைண்டிங் கடையில் கேளுங்கள், மிச்சத் துண்டுகளைக் கொடுப்பார்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். எரிந்துபோன பம்ப்செட் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருப்பார்கள்.