'டியூட்' அவமரியாதையா?

அண்ணே, வயதில் சின்ன சக ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் உங்களுக்கு 'ஓகே டியூட்' என்று எழுதிவிட்டார், மேலாளரிடம் புகார் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

1883-இல் நியூயார்க்கில் இச்சொல் பரவியபோது கேலிதான். ஆங்கிலேயரைப் பார்த்து உடுத்தி மினுக்கித் திரிந்த பணக்காரப் பையன்களை அப்படி அழைத்தார்கள். 'யாங்கி டூடுல்' என்ற பழைய அமெரிக்கப் பாட்டிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. பிறகு மேற்கே மாட்டுப் பண்ணைக்கு வந்து, குதிரையேறத் தெரியாமல் தடுமாறிய நகரத்தாருக்கும் அதே பட்டம். 1960-களில் கலிஃபோர்னியா அலைச்சறுக்கு இளைஞர்கள் வாயில் புழங்கப் புழங்கக் கேலி உதிர்ந்து, கிட்டத்தட்ட நம் 'மச்சி' ஆகிவிட்டது. இப்போது பெண்களையும் அப்படிக் கூப்பிடுகிறார்கள்.

அவர் உங்களை நெருக்கமாக நினைக்கிறார், அவ்வளவுதான். உறுத்தினால் தேக்கா சந்தையில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடிக்கும்போது "பேர் சொல்லியே கூப்பிடு தம்பி" என்று சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளர் இருக்கும் குழுவில் மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்லுங்கள்.