இடிந்த வீட்டுப் பொருட்களை வைத்தே வன்னியில் புது வீடு கட்டலாமா?

கிளிநொச்சியில் இடிந்த வீட்டின் ஓடு, மரம், கல்லை வைத்தே கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கட்டலாம். ஆனால் வரைபடம் கீறுவதற்கு முன்பே பொருட்களை அளந்துவிடுங்கள். கையிலுள்ள வளையின், அதாவது கூரையைத் தாங்கும் குறுக்கு மரத்தின், நீளம்தான் அறையின் அகலத்தை முடிவு செய்யும்.

செங்கல்லில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது முழுசாகக் கழரும். சீமெந்தில் கட்டியது பெரும்பாலும் உடையும். உடைந்ததை நிலத்துக்கு அடியில் நிரப்பலாம். மண்கல் சுவர் என்றால் மாரிமழைக்குத் தாழ்வாரத்தை நன்றாக நீட்டுங்கள். ஓடுகள் ஒரே அச்சில் இல்லாவிட்டால் பொருந்தாது, ஒழுகும்.

பழைய பாலை, முதிரை மரக் கதவு நிலைகள் கிடைத்தால் விடாதீர்கள். பனையில் வெளிப்பக்கம்தான் வைரம், உள்ளே மென்மை. கூரைக்குப் போடும் பனஞ்சலாகை முற்றிய மரத்தில் அரிந்ததா என்று பாருங்கள். அப்புறம், நம்ம பக்கத்து மரங்களில் போரில் வெடித்த செல் (எறிகணை) துண்டு ஏறியிருக்கலாம். அரிவதற்கு முன் அதையும் தேடிப் பாருங்கள், வாள் போய்விடும்.