உப்புக் காற்றில் ஓடும் பைக்: செயினை எதில் கழுவுவது, எதைப் போடுவது?

கேள்வி: தினமும் வேதாரண்யத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கு 150 சிசி பைக்கில் வேலைக்குப் போய் வருகிறேன். செயினுக்கு மேல்பக்கம் மட்டும்தான் கவர், கீழே திறந்தே இருக்கிறது. வாட்டர் வாஷ் கொடுத்த இரண்டாம் நாளே செயின் செம்பட்டை நிறமாகத் துரு பிடித்துக் கீச்சுக் கீச்சென்று கத்துகிறது. மெக்கானிக் பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றி அனுப்புகிறார். நண்பர் ஒருவர் பெட்ரோலில் கழுவச் சொல்கிறார், இன்னொருவர் செயின் ஸ்பிரேயைத் தவிர வேறு எதையும் போடாதே என்கிறார். யார் சொல்வது சரி? எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும்?

பதில்: மூன்று பேர் சொல்வதிலும் ஒவ்வொரு சிக்கல் இருக்கிறது. ஆனால் உங்கள் செயின் எந்த வகை என்று தெரியாமல் யாருக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதனால் முதலில் செயினில் ஓர் இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு, பக்கத் தகடுகளுக்கு நடுவே உற்றுப் பாருங்கள். உள் தகட்டுக்கும் வெளித் தகட்டுக்கும் இடையில் மெல்லிய கறுப்பு ரப்பர் வளையம் தெரிந்தால் அது ஓ-ரிங் செயின். தெரியாவிட்டால் சாதாரண செயின்.

செயின் தேய்வது கண்ணுக்குத் தெரியும் வெளிப்பக்கத்தில் அல்ல. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், அதைச் சுற்றி புஷ் என்னும் சிறு குழல், அதற்கு மேல் ஒரு ரோலர். செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பல்லில் ஏறி இறங்கும்போது கண்ணி மடங்கி நிமிர்கிறது. அப்போது பின்னும் புஷ்ஷும் ஒன்றோடொன்று உரசுகின்றன. 'செயின் நீண்டுவிட்டது' என்கிறோமே, இரும்பு இழுபட்டு நீளுவதில்லை. இந்த உரசலில் வந்த தேய்மானம்தான் அது. 120 கண்ணிகள் உள்ள செயினில் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால்கூட மொத்தத்தில் 12 மில்லிமீட்டர் கூடிவிடும்.

ஓ-ரிங் செயினில் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே தொழிற்சாலையிலேயே கிரீஸ் வைத்து ரப்பர் வளையத்தால் அடைத்துவிடுகிறார்கள். நாம் வெளியே போடும் எண்ணெய் அங்கே போகாது, போகவும் தேவையில்லை. ரோலர் ஸ்பிராக்கெட்டில் உரசாமல் இருக்கவும், தகடு துருப்பிடிக்காமல் இருக்கவும், ரப்பர் காய்ந்து வெடிக்காமல் இருக்கவும்தான் எண்ணெய். சாதாரண செயினில் அப்படி அடைப்பு எதுவும் கிடையாது. நாம் விடும் எண்ணெயே உள்ளே இறங்க வேண்டும். அதனால்தான் கெட்டி கிரீஸை அப்பினால் பயனில்லை. வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே பின் காய்ந்து கிடக்கும்.

இனி பெட்ரோல். ஓ-ரிங் செயினுக்கு அது கூடவே கூடாது, ரப்பரை உப்ப வைத்துக் கெடுத்துவிடும். வளையம் போனால் உள்ளே இருக்கும் கிரீஸும் போய்விடும், அதைத் திரும்ப வைக்க வழியில்லை. சாதாரண செயினுக்குப் பெட்ரோலால் கேடு இல்லை என்றாலும், வீட்டு வாசலில் கிண்ணத்தில் பெட்ரோல் வைத்துக்கொண்டு உட்காருவது தேவையில்லாத ஆபத்து. செயின் தயாரிப்பாளர்கள் பலரும் சொல்வது மண்ணெண்ணெய். இப்போது அது எளிதில் கிடைப்பதில்லை என்பது தெரியும். கிடைக்காவிட்டால் ஓ-ரிங் செயினுக்கென்று விற்கும் செயின் கிளீனர் வாங்குங்கள். ஒர்க்‌ஷாப்களில் புழங்கும் டீசலைத் துணியில் நனைத்துத் துடைத்தால் பெரிய கெடுதல் இல்லை. செயினைக் கழற்றி இரவு முழுக்க ஊறப்போடுவதுதான் வேண்டாம்.

உங்கள் ஊருக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை உண்டு. உப்பளத்தை ஒட்டிய சாலையில் செயினில் படிவது வெறும் தூசியல்ல, உப்பும் சேர்ந்தது. உப்பு மண்ணெண்ணெயில் கரையாது, டீசலிலும் கரையாது, தண்ணீரில்தான் கரையும். நீங்கள் மண்ணெண்ணெய் விட்டு எத்தனை முறை தேய்த்தாலும் உப்பு அப்படியே உட்கார்ந்திருக்கும், அதன் மேல் எண்ணெய் போட்டு மூடிவிடுவீர்கள். ஆகவே முதலில் நல்ல தண்ணீரை மக்கிலோ சாதாரண குழாயிலோ ஊற்றி அலசுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் குடிதண்ணீரில் இரண்டு மக் போதும். வாட்டர் வாஷ் கன்னைச் செயினுக்கு நேரே பிடிக்கவே விடாதீர்கள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் ரப்பர் வளையத்தைத் தாண்டி உள்ளே நுழையும். சாதாரண செயின் என்றால் கேட்கவே வேண்டாம், இருந்த எண்ணெய் எல்லாம் போய்விடும். இரண்டாம் நாளே செம்பட்டை நிறம் வருவதற்குக் காரணம் வாஷ் செய்ததல்ல. வாஷ் முடிந்து, ஈரத்தைத் துடைக்காமல், எண்ணெயும் போடாமல் வண்டியை எடுத்து வந்ததுதான்.

கழுவும் முறைக்கு முன்னால் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றும் செயினில் துணியைப் பிடிக்கும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. துணி ஸ்பிராக்கெட்டில் சிக்கினால் விரலும் கூடவே போகும். கையை இழுத்துக்கொள்ள நேரமே கிடைக்காது. சாவியை எடுத்துப் பையில் போடுங்கள், நியூட்ரலில் வையுங்கள், சென்டர் ஸ்டாண்ட் போட்டுச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். அப்போதும் துணியைப் பிடிப்பது கீழ்ச் செயினின் நடுப்பகுதியில், பல்லுக்குத் தள்ளி. சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டியென்றால், பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்ட் வேண்டும். அதுவும் இல்லையா? வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளித் தள்ளிச் செய்யலாம், அலுப்புதான்.

அலசிய செயினை பனியன் வேஸ்ட்டால் ஒற்றி எடுத்துவிட்டு, மண்ணெண்ணெயில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் நான்கு பக்கமும் தேயுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் ரப்பரைக் கிழிக்கும். பின் ஸ்பிராக்கெட் பற்களின் இடுக்கையும் சுத்தம் செய்யுங்கள். முன் ஸ்பிராக்கெட் மூடிக்குள் பழைய கிரீஸும் மணலும் களிமண் மாதிரி இறுகிக் கிடக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மூடியைக் கழற்றி வழிக்கச் சொல்லுங்கள். பிறகு உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்து, கொஞ்ச நேரம் காயவிடுங்கள். கழுவிய அழுக்கு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒரு பாட்டிலில் பிடித்து, பழைய ஆயில் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மெக்கானிக் ஊற்றும் பழைய ஆயிலைப் பற்றி. காய்ந்த செயினோடு ஓட்டுவதைவிட அது மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் இன்ஜினின் கரியும் உலோகத் துகளும் கலந்திருக்கின்றன. போதாததற்கு மிக இளகலானது. முதல் சில கிலோமீட்டரிலேயே பாதி உங்கள் ரிம்மிலும் சட்டையிலும் தெறித்துவிடும். மீதியில் மணல் ஒட்டி, ஸ்பிராக்கெட்டை அரைக்கும் பசையாக மாறும். அதற்குப் பதில் 90 எண் கியர் ஆயில் வாங்குங்கள். பல பைக் கையேடுகளே இதைத்தான் சொல்கின்றன. ஒரு லிட்டர் நெடுநாள் வரும். இதுவும் கொஞ்சம் தெறிக்கும், அடிக்கடி போட வேண்டும், ஆனால் சாதாரண செயினில் உள்ளே இறங்குவதற்கு இதைப் போல எனக்குப் பிடித்தது வேறில்லை. ஓ-ரிங் செயின் என்றால், அதற்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருக்கும் செயின் லூப் ஸ்பிரே வசதி: தெறிப்பது குறைவு, தண்ணீருக்கு ஓரளவு தாங்கும். விலை கூடுதல் என்பதுதான் குறை. டபிள்யூ.டி-40 இருக்கிறதே என்று கேட்பீர்கள். நீல-மஞ்சள் டப்பாவில் வரும் அந்தச் சாதாரண வகை ஈரத்தை விரட்டும், துருவை இளக்கும்; செயினில் நின்று உழைக்கும் எண்ணெய் அல்ல. அதை மட்டும் அடித்துவிட்டு விட்டுவிடாதீர்கள்.

எண்ணெய் போட நல்ல நேரம் மாலை வீடு திரும்பியதும். செயின் வெதுவெதுப்பாக இருக்கும், எண்ணெய் எளிதில் இறங்கும். கீழ்ச் செயினின் உட்புறத்தில், அதாவது ஸ்பிராக்கெட் பல்லில் படியும் மேல்பக்கத்தில் போடுங்கள். வண்டி ஓடும்போது எண்ணெய் வெளிப்பக்கமாக விசிறப்படும் என்பதால், உள்ளே போட்டால்தான் கண்ணிகளுக்குள் புகுந்து வரும். மெதுவாகச் சுற்றிக்கொண்டே இரண்டு பக்கத் தகட்டு இடுக்கிலும் ரோலர் மேலும் விழும்படி ஒரு முழுச் சுற்று. ஸ்பிரே என்றால் பின்னால் ஓர் அட்டையைப் பிடியுங்கள். டயரிலோ டிஸ்க்கிலோ பட்டால் பிரேக் பிடிக்காது, வளைவில் வழுக்கும். கால் மணி நேரம் கழித்து வெளியே மினுமினுக்கும் எண்ணெயை எல்லாம் துடைத்துவிடுங்கள். இந்தத் துடைப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் எண்ணெய் போடுவதைவிட அது முக்கியம் என்பேன். வெளியே நிற்கும் எண்ணெய் செயினுக்கு உழைப்பதில்லை, மணலைத்தான் சேர்க்கிறது. இரவு அப்படியே நிற்கட்டும், காலையில் எடுங்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை? பொதுவாக 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை எண்ணெய், 1000-க்கு ஒரு தடவை முழுச் சுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் தடத்தில் அது வாரக்கணக்குதான்: ஞாயிறு மாலை எண்ணெய், ஒன்று விட்டு ஒரு ஞாயிறு கழுவல். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து வந்தால் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள். அன்று இரவே நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, எண்ணெய் போட்டுவிடுங்கள்.

கத்தல் இதற்குப் பிறகும் நிற்கவில்லையென்றால் தொய்வைப் பாருங்கள். கீழ்ச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் பெரும்பாலான 150 சிசி வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆடும். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றி, செயின் எங்கே மிக இறுக்கமாக வருகிறதோ அங்கே அளக்க வேண்டும். சத்தம் கேட்டதும் இழுத்து இறுக்கிவிடுவது தப்பு. ஆள் ஏறி உட்கார்ந்ததும் செயின் இன்னும் இறுகும், பிறகு கியர்பாக்ஸ் பேரிங்குக்குத்தான் செலவு. பின்னால் டிரம் பிரேக் என்றால், சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் பிரேக்கும் இறுகியிருக்கும். அதன் நட்டையும் சரி பாருங்கள்.

பின் ஸ்பிராக்கெட்டின் பின்கோடியில் செயினைப் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். பாதிப் பல்லுக்கு மேல் இடைவெளி தெரிந்தாலோ, பல் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி போலிருந்தாலோ, ஓ-ரிங் செயினில் பின்னைச் சுற்றிச் செம்மண் நிறத் தூள் வந்தாலோ அதற்கு எந்த எண்ணெயும் மருந்தில்லை. செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் செட்டாக மாற்றுங்கள். புதுச் செயினைத் தேய்ந்த பல்லில் போட்டால் அதுவும் சீக்கிரமே போய்விடும். இரு முனைகளையும் இணைக்கும் இடத்தில் லாக் கிளிப் உள்ள செயின் என்றால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்கிறதா என்று கடையை விட்டுக் கிளம்பும் முன் நீங்களே குனிந்து பார்த்துவிடுங்கள்.