முன்கை இறுக்கம் என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி: 2021இல் மகள் வீட்டுக்கு நியூஜெர்சி போயிருந்தேன். மாப்பிள்ளையோடு உட்கார்ந்து பேஸ்பால் பார்த்துப் பழகி, நியூயார்க் மெட்ஸ் அணியின் பிட்சர் (பந்து எறிகிறவர்) ஜேக்கப் டிக்ரோமுக்கு ரசிகனாகிவிட்டேன். ஜூலையில் ஒதுங்கியவர் அந்த வருஷம் திரும்பவே இல்லை. அணி சொன்ன காரணமோ மாறிக்கொண்டே இருந்தது. எதையாவது மறைத்தார்களா? இன்னமும் எனக்கு உறுத்துகிறது.
- ஓய்வுபெற்ற ஆசிரியர், குடியாத்தம்

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது ஐயா. ஆனால் எல்லாமே பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

அவர் கடைசியாக எறிந்தது ஜூலை 7. முதலில் 'முன்கை இறுக்கம்' என்றார்கள். அதை நான் நம்புகிறேன். முழங்கையின் உள்பக்க ஜவ்வு நொந்துபோனால் அதன் பாரத்தை முன்கைத் தசைகள் தாங்க வேண்டிவரும். எறிகிறவனுக்குப் பல நேரம் முதலில் தெரிவது அந்த இறுக்கம்தான். மாதக் கடைசியில் 'வீக்கம்' என்றார்கள். சரி, அதுவும் நடக்கக்கூடியதுதான். செப்டம்பரில் அணி நிர்வாகத்தின் தலைவர் சாண்டி ஆல்டர்சன், ஜவ்வில் லேசான கிழிசல் இருந்தது, அது தானாகவே சரியாகிவிட்டது என்றார். டிக்ரோமோ, என் ஜவ்வு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். இங்கேதான் எனக்கும் நம்பிக்கை போனது. 2010இலேயே அந்த ஜவ்வுக்குப் பதில் வேறு நாரை வைத்துக் கட்டும் டாமி ஜான் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். கிழிசல் என்ற சொல்லை இரண்டு மாதம் கழித்தா சொல்வது?

இதில் எனக்குக் கோபம் வரக் காரணம் உண்டு. இருபத்திரண்டு வயதில் வேலூர் கோட்டை மைதானத்தில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தேன். பாலாற்று மணலில் ஓடிப் பழகிய கால்கள், அதனால் ஓட்டத்துக்குக் குறைவில்லை. தோள்பட்டைதான் போய்விட்டது. சட்டைக்குள் கையை நுழைக்க அம்மா உதவ வேண்டியிருந்தது. எங்கள் குழுவில் யாரும் அதை வெளியே சொல்லவில்லை. சொன்னால் பந்தயத்துக்குப் பணம் தருகிறவர் பின்வாங்கிவிடுவார் என்ற பயம். "அடுத்த ஞாயிறு வந்துடுவான்" என்றே இரண்டு மாதம் ஓட்டினார்கள். அதற்குள் டீக்கடையில் பேச்சு வேறு மாதிரி போய்விட்டது. அப்பா ஒருநாள் ராத்திரி வந்து, "இன்னாடா, காசு குடுத்தாதான் ஆடுவேன்னியாமே?" என்று கேட்டார். வலியைவிட அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பும்ராவுக்கும் இதுதான் நடந்தது. 2023 ஜனவரியில் இலங்கைத் தொடருக்குச் சேர்த்தார்கள், சில நாளிலேயே எடுத்துவிட்டார்கள். ஐபிஎல் வந்தால் ஓடி வருவார் என்று எத்தனை பேர் பேசினார்கள்! அந்த ஐபிஎல்லில் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. மார்ச்சில் முதுகில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அணி மழுப்பினால் பழி ஆட்டக்காரன் தலையில்தான் விழுகிறது.

அதனால் இனி காரணத்தின் பெயரைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள். எத்தனை அடி தூரம் எறிகிறார், பிட்சர் நின்று எறியும் மேட்டில் ஏறி எறிந்தாரா, பேட்டருக்கு எதிரே எறிந்தாரா? இந்த மூன்றும் வாரத்துக்கு வாரம் முன்னேறினால் ஆள் வருகிறார் என்று அர்த்தம். ஒன்றில் நின்றுபோய், திரும்பும் தேதியும் சொல்லவில்லை என்றால் காயம் அவர்கள் சொல்வதைவிடப் பெரியது.

டிக்ரோமுக்கு 2023 ஜூனில் இரண்டாவது முறை அதே சிகிச்சை நடந்தது, அப்போது அவர் ரேஞ்சர்ஸ் அணியில். அதை வைத்து 2021இல் மெட்ஸ் பொய் சொன்னது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் 2025இல் 30 ஆட்டங்களைத் தொடங்கி எறிந்திருக்கிறார் மனிதர். மாப்பிள்ளையிடம் சொல்லி அதில் ஒன்றையாவது பாருங்கள் ஐயா.